மணல்வாலில் ஒரு கேணி

ஒரு காட்டுக்கு வால் இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, நிஜமாகவே இருந்தது.

மரங்கள் முடிந்து, புதர்களும் முடிந்து, இனி ஒன்றுமில்லை என்று நினைக்கிற இடத்தில் அந்த வால் தொடங்கும். வெள்ளை வெளேரென்ற மணல். கடலுக்குள்ளே நீண்டு, லேசாக வளைந்து படுத்திருக்கும். அதன் ஒரு பக்கத்துக் கடல் நாள் முழுக்க இரைந்துகொண்டே இருக்கும். மறுபக்கத்துக் கடலோ எப்போதும் தூங்கி வழியும். நடுவில் போய் நின்றால் ஒரு காதில் இரைச்சல், ஒரு காதில் அமைதி. விழித்திருக்கிறோமா, கனவு காண்கிறோமா என்றே புரியாது. அந்த இடத்துக்கு மணல்வால் என்று பெயர்.

அந்தக் காட்டில் ஒரு காட்டுப்பன்றி இருந்தார். இருந்தது என்று சொன்னால் அவருக்குக் கோபம் வந்துவிடும். அவ்வளவு மரியாதைப்பட்டவர்.

மரியாதைக்குக் காரணம் அவருடைய மூக்கு. காட்டு ஓடை மாசி முடிவதற்குள் வற்றிவிடும். மற்ற மிருகங்கள் காய்ந்த ஓடையைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நேரத்தில், அவர் மணலில் மூக்கை வைத்து உழத் தொடங்குவார். ஒரு முழத்தில் ஈரம் வரும். இரண்டு முழத்தில் கலங்கல் வரும். மூன்று முழத்தில் பளிங்கு மாதிரித் தண்ணீர் வரும். காடு முழுக்க வரிசையில் நின்று குடிக்கும். அதனால் அவருக்குக் கேணியார் என்று பெயர் வந்தது. அவருடைய அப்பா அம்மா வைத்த பெயர் என்னவென்று இப்போது அவருக்கே நினைவில்லை.

"பாதியில நிறுத்துறவன் பன்றியே இல்ல" என்று அவர் அடிக்கடி சொல்வார். மற்றவர்கள் அலுத்து நிறுத்துகிற இடத்தில்தான் அவர் வேலையே தொடங்கும்.

ஒரு சித்திரை மாதத்தில் காட்டில் ஈ பெருகிவிட்டது. சாதாரண ஈ இல்லை, கடிக்கிற ஈ. அந்த நேரம் பார்த்து மருதி என்ற மானுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு அது தலைப்பிரசவம். போன வருஷம் அவள் அக்காவின் குட்டி பிறந்த மறுநாளே அதன் கண்ணோரத்தில் ஈக்கள் அடை அடையாக மொய்த்ததை மருதி பார்த்திருந்தாள். அதை நினைத்தால் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

அவள் கேணியாரிடம் வந்தாள். மணல்வாலில் கடல்காற்று ஓயாமல் வீசுமாம், அங்கே ஒரு ஈ கூட உட்கார முடியாதாம், ஆனால் தண்ணீருக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

கேணியார் மூக்கை ஒரு தரம் நக்கிக்கொண்டார். மண்ணுக்குள்ளே தண்ணீர் என்று ஒன்று இருந்தால் அது தன் மூக்குக்குத் தப்பாது என்றும், பிரசவத்துக்குப் போகிற தங்கச்சிக்கு அண்ணன் கூட வராமல் யார் வருவார் என்றும் சொன்னார். மருதிக்குக் கண் கலங்கிவிட்டது.

துத்தி என்ற முயலும் கூடவே கிளம்பினான். துத்திக்கு யாரையாவது புகழ்ந்துகொண்டே இருக்க வேண்டும். ஆமை நடந்தால் என்ன நிதானம் என்பான். குரங்கு கிளையிலிருந்து வழுக்கி விழுந்தால் என்ன வேகம் என்பான். அவன் கூட இருந்தால் நடக்கிற அலுப்பே தெரியாது, அவ்வளவு சுகமாக இருக்கும்.

விடியற்காலையில் மூவரும் மணல்வாலின் கழுத்துக்கு வந்து சேர்ந்தார்கள். கழுத்து என்பது காடும் வாலும் சேர்கிற ஒடுங்கிய இடம். அங்கே மணல் மிகத் தாழ்வாக இருந்தது. நண்டு வளைகள் ஆயிரக்கணக்கில் திறந்து கிடந்தன. அப்பால் எல்லாமே லேசான பனி மூட்டமாக இருந்தது.

பனிக்குள்ளிருந்து ஒரு மட்டக்குதிரை மெல்ல நடந்து வந்தது. அதன் பிடரியில் உப்பு பூத்திருந்தது. அவள் பெயர் உவரி. எட்டுக் குதிரைகள் கொண்ட அவள் கூட்டம் எத்தனையோ காலமாக அந்த மணலிலேயே வாழ்ந்து வந்தது. உவரி அதிகம் பேசமாட்டாள். பேசினாலும் காற்று இரைகிற நேரத்தில் நிறுத்தி, காற்று ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

வந்தவர்களை அவள் வரவேற்று, தங்குவதற்கு வேண்டிய விஷயங்களைச் சொன்னாள். கடற்பாசி காய்ந்து ஒரு கோடாகக் கிடக்கும், அந்தக் கோட்டுக்கு மேலே படுக்க வேண்டும், கீழே படுத்தால் கடல் வந்து எழுப்பும். மேட்டில் படர்ந்திருக்கிற அடும்பங்கொடியைப் பிடுங்கக் கூடாது, அதுதான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. கழுத்தைக் கடப்பதாக இருந்தால் நண்டு வளைகள் வெளியே தெரிகிற நேரத்தில்தான் கடக்க வேண்டும், மற்ற நேரத்தில் முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்கினால் காலை வாரிவிடும்.

கடைசியாக அவள் மேடுகளுக்கு நடுவே இருந்த ஒரு பெரிய பள்ளத்தைக் காட்டினாள்.

"தண்ணி அங்க இருக்கு. ஒரு சாண் பறிங்க. அதுக்கு மேல வேண்டாம். கொஞ்ச நேரம் காத்திருந்தா ஊறும். குடிச்சிட்டு மணலைத் தள்ளி மூடிடுங்க."

மருதி ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். கேணியார் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்துப் பனி விலகி, தூங்குகிற கடலில் பூநாரைகள் ஆயிரம் ஆயிரமாக ஒற்றைக் காலில் நிற்பது தெரிந்தது. தண்ணீர் கூட இளஞ்சிவப்பாக இருந்தது. அவர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே நின்றார். கடைசி வார்த்தைகள் மட்டும் காதில் விழுந்தன. ஒரு சாணாம். தண்ணீர் எடுக்க எனக்கே சொல்லித் தருகிறாளா என்று அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தது.

முதல் நாள் அப்படியே மிதந்து போயிற்று. பாசிக்கோட்டுக்கு மேலே, ஒரு மேட்டின் நிழலில் மூவரும் தங்கினார்கள். ஈ இல்லை. உண்மையிலேயே ஒன்று கூட இல்லை. காற்று வந்து காதுகளை மடக்கி மடக்கி விளையாடியது. இராவணன் மீசைப் புல்லின் முள்பந்துகள் காற்றில் உருண்டு போக, துத்தி அவற்றைத் துரத்திக்கொண்டு ஓடினான். நேரம் என்ற ஒன்று அங்கே இருப்பதாகவே தெரியவில்லை.

உவரி காலையிலும் மாலையிலும் பள்ளத்துக்கு வருவாள். குளம்பால் மூன்றே மூன்று தரம் மணலைப் பறிப்பாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு சும்மா நிற்பாள். மேலே ஒரு மேகம் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். கண்ணைத் திறந்தால் குழியில் ஒரு வாய்த் தண்ணீர் இருக்கும். அவள் முதலில் மருதியைக் குடிக்கச் சொல்வாள். பிறகு மறுபடி கண்ணை மூடிக்கொள்வாள்.

கேணியாருக்கு இதைப் பார்க்கப் பார்க்க மூக்கு அரித்தது. இப்படி வாய் வாயாகக் குடிப்பதா தண்ணீர்? இதற்கா தன்னை இவ்வளவு தூரம் அழைத்து வந்தார்கள்?

இரண்டாம் நாள் விடியலில் மருதி குட்டி போட்டாள். நனைந்த காதுகளோடு, நான்கு குச்சிக் கால்களோடு, அது எழுந்து நின்று கடலைப் பார்த்துத் தும்மியது. கேணியாருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தன் கரடுமுரடான மூக்கை அது முகர்ந்து பார்த்தபோது அவர் மூச்சு விடாமல் அசையாமல் நின்றார்.

ஆனால் பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் அதிகம் அல்லவா? மூன்றாம் நாள் காலையில் குட்டி தூங்காமல் படுத்தியதில் மருதியால் பள்ளத்துக்கு வர முடியவில்லை. உவரியின் கூட்டமும் அன்று புதுப் புல் மேய்வதற்காக வாலின் நுனிக்குக் கிளம்பியது. இருட்டுகிற நேரம் திரும்பி வருவதாக உவரி சொல்லிவிட்டுப் போனாள்.

கேணியார் பள்ளத்தில் தனியாக நின்றார். பக்கத்து வளையிலிருந்து ஒரு நண்டு வெளியே வந்தது. உடம்பெல்லாம் சொட்டச் சொட்ட ஈரம். அதன் வளையை எட்டிப் பார்த்தார். அடி தெரியவில்லை, அவ்வளவு ஆழம்.

"பாத்தியா துத்தி, ஒரு நண்டுக்குத் தெரிஞ்சது குதிரைக்குத் தெரியல" என்றார்.

"உங்க மூக்கு முன்னால குளம்பு எம்மாத்திரம்?" என்றான் துத்தி.

போதாதா? கேணியார் தோண்டத் தொடங்கினார்.

ஒரு சாணிலேயே தண்ணீர் கசிந்தது. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இனிப்பு. ஒரு சாணில் இப்படி என்றால் மூன்று முழத்தில் எப்படி இருக்கும் என்று நினைத்தபோது அவருக்கு உடம்பு சிலிர்த்தது. குறுக்கே வந்த அடும்பங்கொடியின் வேர்களை அறுத்து எறிந்தார். மணல் சரியச் சரிய அகலமாகத் தோண்டினார். வெயில் உச்சிக்கு வந்தது. துத்தி ஓரத்தில் உட்கார்ந்து, இது கேணி இல்லை குளம் என்றான், கொஞ்ச நேரம் கழித்து இது குளம் இல்லை ஏரி என்றான். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சாண் ஆழம் கூடியது.

மூன்று முழம் ஆனபோது தண்ணீர் கேணியாரின் மார்பு வரை நின்றது. வானம் முழுக்க அதற்குள் இறங்கி வந்து நீலமாகப் படுத்திருந்தது. மேலே பறந்த பூநாரைக் கூட்டம் அதற்குள்ளும் பறந்து போயிற்று. கேணியார் கரையேறி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவருக்குத் தொண்டை வறண்டிருந்தது. ஆனாலும் ஒரு சொட்டு குடிக்கவில்லை. முதல் வாய் மருதிதான் குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்த ஆசையில் கள்ளம் எதுவும் இல்லை பிள்ளைகளே, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நிழலில் படுத்திருந்த மருதியையும் குட்டியையும் அவரே போய் அழைத்து வந்தார். குளத்தைப் பார்த்ததும் அவள் கண்கள் அகன்றன. ஓடிப்போய் வாயை வைத்தாள். ஒரு மிடறு உள்ளே போயிற்று. இரண்டாவது மிடறை அவள் துப்பினாள்.

"அண்ணே, கரிக்குது."

கேணியாரும் வாயை வைத்துப் பார்த்தார். உப்பு நாக்கைச் சுட்டது.

அவர் அசரவில்லை. ஓடையிலும் முதலில் கலங்கல் வரும், அதைத் தாண்டினால் தெளிவு வரும், இங்கே கலங்கலுக்குப் பதிலாக உப்பு, அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு மறுபடி இறங்கினார். இன்னொரு முழம் தோண்டினார். இப்போது குடித்தது தண்ணீரே இல்லை, கடல்.

கரையில் வேறோர் இடத்தில் ஒரு சாண் பறித்துப் பார்த்தார். உப்பு. எதிர்ப்பக்கம் பறித்தார். அங்கேயும் உப்பு. காலையில் இனித்த பள்ளம் எங்கே தொட்டாலும் கரித்தது.

பின்னால் ஒரு சிறு சத்தம் கேட்டது. குட்டி மருதியின் மடியை முட்டிக்கொண்டிருந்தது. முட்டிவிட்டு வாயை எடுத்து அம்மாவைப் பார்த்தது. மறுபடி முட்டியது. மருதியின் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

கேணியாருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. நேற்றுப் பிறந்த உயிர், பால் இல்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்?

காட்டுக்கே ஓடிவிடலாம் என்றான் துத்தி. மருதி கழுத்துப் பக்கம் எட்டிப் பார்த்தாள். அங்கே நண்டு வளைகள் இல்லை. இரண்டு கடலும் கைகோத்துக்கொண்டு பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தன. முழங்கால் ஆழம்தான் இருக்கும் என்று துத்தி சொன்னான். உவரி என்ன சொன்னாள் என்று மருதி அவனுக்கு நினைவுபடுத்தினாள். நாளைக் காலை வரை வழி இல்லை.

அந்த நேரம் பார்த்து அந்த நண்டு வந்தது. புதுக் குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, சுகமாக உள்ளே இறங்கியது.

"நல்லா இருங்க ஐயா. கடலை இவ்வளவு தூரம் உள்ள கொண்டுவந்து குடுத்தவரு நீங்க ஒருத்தருதான்" என்று நன்றி சொன்னது.

கேணியார் உவரியைத் தேடி வாலின் நுனியை நோக்கி ஓடத் தொடங்கினார்.

ஓட்டம் என்று சொல்வதுகூடத் தப்பு. காய்ந்த மணல் ஒவ்வொரு காலையும் உள்ளே இழுத்தது. எதிரே கானல் நீர் ஏரி ஏரியாக மிதந்தது. அதற்குள் மரங்கள் தலைகீழாக நின்றன. நெருங்கினால் எல்லாம் பின்வாங்கிப் போயின. ஒரு கட்டத்தில் தான் ஓடுகிறோமா, நின்ற இடத்திலேயே நின்று கனவில் ஓடுகிறோமா என்று அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அப்போதுதான் குளம்படிகள் கண்ணில் பட்டன. குதிரைகள் மேட்டு மணலில் நடக்கவே இல்லை. அலை நனைத்துவிட்டுப் போன ஓரமாக, கெட்டியான ஈர மணலில் வரிசையாகப் போயிருந்தன. கேணியார் இறங்கி அந்தத் தடத்திலேயே காலை வைத்தார். கால் புதையவில்லை. அடுத்தவர் போட்ட வழியில் அவர் நடப்பது அதுதான் முதல் தடவை.

பொழுது சாய்கிற நேரத்தில் நுனிக்குப் போய்ச் சேர்ந்தார். உவரி புல்லைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அவருடைய மூக்கில் அப்பியிருந்த ஈர மணலைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேய்வதை நிறுத்தினாள்.

"எவ்வளவு ஆழம்?" என்று கேட்டாள்.

"நாலு முழம்."

உவரி கண்ணை மூடித் திறந்தாள். காற்று இரைந்து ஓய்ந்தது.

"ஏம்மா ஒரு சாணுக்கு மேல வேண்டாம்னு சொன்ன?" என்று கேணியார் கேட்டார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"பாலைக் காய்ச்சி வச்சா மேல ஏடு படியுமே, பாத்திருக்கீங்களா? பெய்ற மழையெல்லாம் இந்த மணலுக்குள்ள அப்படித்தான் படிஞ்சு கெடக்கு. அடியில பூரா கடல். ஏட்டை மெல்ல வழிச்சு எடுத்தா வருஷம் முழுக்கக் குடிக்கலாம். கிழிச்சிட்டா அடியில இருக்கறது மேல வந்துரும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கலையே. நான் சொல்றப்ப பூநாரையைப் பாத்துக்கிட்டு இருந்தீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

குதிரைகள் எட்டும் திரும்பி நடந்தன. இறங்குகிற சூரியன் ஈர மணலில் நீளமாகப் படர்ந்து கிடக்க, அதன் மேலேயே எல்லோரும் நடந்து வந்தார்கள்.

பெரிய பள்ளத்திலிருந்து நான்கு மேடு தள்ளித் தாழம்புதருக்குள்ளே இன்னொரு பள்ளம் இருந்தது. மிகச் சிறியது. குதிரைக் கூட்டத்தில் இரண்டு குட்டிகள் இருந்தன, அவற்றுக்காக வைத்திருந்தார்களாம். உவரி மருதியையும் மான்குட்டியையும் அங்கே அழைத்து வந்தாள். குட்டி இப்போது முட்டவில்லை. தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு அம்மாவின் காலில் சாய்ந்து நின்றது.

"தோண்டுங்க" என்றாள் உவரி, கேணியாரைப் பார்த்து.

அவர் ஓரடி பின்னால் போனார்.

"எனக்கு நிறுத்தத் தெரியாதும்மா" என்றார்.

"மூக்கு மறையுற வரைக்கும் பறிங்க. மறைஞ்சதும் உக்காந்துருங்க. அவ்வளவுதான்."

கேணியார் மூக்கை வைத்தார். ஒரு தள்ளு. இரண்டு தள்ளு. மூன்றாவதில் மூக்கு மறைந்தது. மணல் குளிர்ச்சியாக, ஈரமாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் ஒரே ஒரு தள்ளு என்று அது அவரைக் கூப்பிட்டது. அவருடைய கழுத்து நரம்புகள் புடைத்தன. அவர் மூக்கை வெளியே எடுத்து, குழியின் ஓரத்தில் பொத்தென்று உட்கார்ந்தார்.

வாழ்நாளில் அவர் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

தாழம்புதரில் காற்று சலசலத்தது. வானம் ரோஜா நிறமாகி, சாம்பல் நிறமாகத் தொடங்கியது. குழியில் ஒன்றும் இல்லை. குட்டியின் விலா ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டு அவர் காத்திருந்தார். பிறகு மணலின் நடுவில் ஒரு புள்ளி பளபளத்தது. புள்ளி வட்டமாயிற்று. வட்டம் ஒரு வாய்த் தண்ணீராயிற்று.

மருதி குனிந்து உறிஞ்சினாள். துப்பவில்லை.

அவர் மறுபடி காத்திருந்தார். மறுபடி ஒரு வாய். இப்படிப் பன்னிரண்டு முறை. எட்டாவது முறைக்குப் பிறகே மருதியின் உதடு ஈரமாயிற்று. பன்னிரண்டாவது முறைக்குப் பிறகு குட்டி மெதுவாக மடியை முட்டியது. முட்டிவிட்டு, வாயை எடுக்கவில்லை. சப்புகிற சத்தம் கேட்டது.

கேணியார் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அழுகிற பன்றியை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம் என்று அவர் நினைத்திருக்கலாம்.

மறுநாள் விடிந்ததும் உவரி விஷயத்தை நேராகச் சொன்னாள். பெரிய பள்ளம் இனி ஐப்பசி மழை பெய்து ஏடு படிகிற வரைக்கும் யாருக்கும் உதவாது. சின்னப் பள்ளம் எட்டுக் குதிரைகளுக்கே எட்டுமோ என்னவோ. விருந்தாளிகளைப் போகச் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் வேறு வழியில்லை.

கேணியார் தலையை ஆட்டினார். கிளம்புவதற்கு முன்னால் பெரிய பள்ளத்துக்குப் போய், வெளியே தள்ளிய மணலை எல்லாம் தன் மூக்காலேயே உள்ளே தள்ளி மூடினார். தள்ளத் தள்ள அவருக்கு மூச்சு வாங்கியது. நண்டு முணுமுணுத்துக்கொண்டே வேறு வளை பார்த்துக்கொண்டு போயிற்று. அறுந்த அடும்பங்கொடிகளில் வேரோடு இருந்தவற்றைத் தேடி எடுத்து மேட்டில் பதித்து வைத்தார். இவ்வளவு அழகாக மூட வேறு யாரால் முடியும் என்று துத்தி தொடங்கினான். கேணியார் அவனை ஒரு பார்வை பார்த்தார். துத்தி வாயை மூடிக்கொண்டான்.

கழுத்தில் கடல் இறங்கி, நண்டு வளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் மருதி கடந்தாள், பின்னால் குட்டி, பின்னால் துத்தி, கடைசியில் கேணியார். திரும்பிப் பார்த்தபோது உவரி பனிக்குள்ளே நின்றுகொண்டிருந்தாள். பிறகு பனி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

முதல் மரத்தடிக்கு வந்ததுமே ஈக்கள் வந்துவிட்டன. மருதி எதற்காக அவ்வளவு தூரம் போனாளோ, அது வீணாகிவிட்டது. ஒரு ஈ நேராகக் குட்டியின் கண்ணோரத்தில் போய் உட்கார்ந்தது.

கேணியார் குட்டியின் முகத்தின் பக்கம் தன் பின்புறத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். அவருடைய வால் உங்களுக்குத் தெரியாதா என்ன, நுனியில் நாலு மயிர் உள்ள ஒரு சின்ன வால். அதை வீசினார். ஈ பறந்தது. மறுபடி வந்தது. மறுபடி வீசினார்.

அவ்வளவு பெரிய மனிதர் ஒரு மான்குட்டிக்கு விசிறியாக நிற்பதைப் பார்த்துக் குரங்குகள் சிரித்தன. அவர் கண்டுகொள்ளவில்லை. ஓடை வற்றிவிட்டதே, எப்போது தோண்டப் போகிறீர்கள் என்று மற்ற மிருகங்கள் வந்து கேட்டபோது, காலையில் போய்த் தோண்டிக் கொடுத்துவிட்டு வெயில் ஏறுவதற்குள் குட்டியிடம் திரும்பி வந்துவிடுவார்.

குட்டிக்குத் தானே காதை ஆட்டி ஈ ஓட்டத் தெரிகிற வரைக்கும், அந்தக் கோடை முழுவதும், கேணியாரின் வால் ஓயவே இல்லை.

நீதி: நம் ஊரில் பலித்த கெட்டிக்காரத்தனம் போன ஊரில் கெடுதலாகவும் முடியும், விருந்தாளியாகப் போனால் அங்கே வாழ்கிறவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேள், புரியாவிட்டால் ஏன் என்று கேள்.